வெம்பக்கோட்டைக்குப் பாட்டோடு போன கதை

என் மோட்டார் சைக்கிளின் எடை முந்நூற்று எழுபது கிலோ. பக்கத்துக்கு ஒரு பெட்டி, காற்றைத் தடுக்கக் கண்ணாடி, சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு, கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர்கள் என்று சகல வசதியும் உண்டு. இத்தனை இருந்தும் வேகம் அறுபதைத் தாண்டினால் பாடகர் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார். எண்பதில் அவர் வெறும் உதட்டைத்தான் அசைக்கிறாரோ என்று சந்தேகம் வரும். ஐம்பத்தொரு வயது மனிதனுக்கு வேறு கவலைகள் இருக்க வேண்டும் என்றாள் என் மனைவி. இருந்தன. அவை காதில் விழாமல் இருக்கத்தான் நல்ல ஸ்பீக்கர் தேவைப்பட்டது.

முதலில் கோவையில் வீட்டு வாசலிலேயே முயன்று பார்த்தேன். ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கி, கைப்பேசியில் நான்கு வீடியோக்களைப் பார்த்து, சீட்டுக்கு அடியில் நானே மாட்டினேன். சத்தம் கூடியது. ஆனால் அது பாட்டாக இல்லை, தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. எங்கள் பைக் குழு நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, "விருதுநகர்ல ஒரு அக்கா இருக்காங்க. மினி பஸ்ஸுக்கெல்லாம் செட் போடுறவங்க. நேரா அங்க போயிருங்க" என்றார். மோட்டாரும் பம்பும் செய்து உலகத்துக்கே தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் ஊர்க்காரன் நான். இரண்டு ஸ்பீக்கர் மாட்ட விருதுநகருக்குக் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். நாங்கள் கோவையில் வெயில் என்று சொல்வதை இங்கே நிழல் என்கிறார்கள் போலிருக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றியதும் உள்ளே என் தலை பாதி வெந்திருந்தது. மீதியை வேகவைக்க ஒரு பரோட்டாக் கடைக்குள் நுழைந்தேன். விருதுநகர் பரோட்டா கல்லில் சுடப்படுவதில்லை, எண்ணெயில் மூழ்கி எழுந்து வருகிறது. கடித்தால் அப்பளம்போல் நொறுங்குகிறது. சால்னாவை ஊற்றியதும் மனந்திருந்தி மிருதுவாகிவிடுகிறது.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைவிட என் வண்டியை அதிக நேரம் பார்த்தார். "அண்ணாச்சி, இது லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?" என்று கேட்டார்.

"பதினெட்டுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு துக்கம் படர்ந்தது. "லோடு ஏத்துவீகளோ?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

"அப்ப எதுக்கு இம்புட்டுப் பெருசு?"

வாங்கிய நாளிலிருந்து நானும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துத்தான் வருகிறேன். இன்னொரு பரோட்டா சொன்னேன்.

அந்த அக்காவின் பெயர் முனீஸ்வரி. நாற்பது வயது இருக்கலாம். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர். புறவழிச் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டிருந்தார். உள்ளே ஒரு மினி பஸ் முகப்பைப் பிரித்துக்கொண்டு நின்றது. என் வண்டியைச் சுற்றி வந்து, சீட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இத யாரு மாட்டுனது?"

"நான்தாங்க" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம்.

"பியூஸ் எங்க?"

"எந்த பியூஸ்ங்க?"

டார்ச்சை அணைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "அண்ணாச்சி என்ன வேல பாக்குறீக?"

"இன்சூரன்ஸ்ங்க. வண்டி எரிஞ்சா, மோதுனா போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதறது."

"அப்பச் சரி" என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

இருபது வருடங்களாக ரிப்போர்ட் எழுதுகிறேன். எரிந்த வண்டியின் சொந்தக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, 'அங்கீகாரமற்ற மின் இணைப்பு, உரிமையாளரின் அலட்சியம்' என்று சலனமில்லாமல் எழுதிவிட்டு அவர் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வருவேன். அந்த இரண்டு சொற்றொடர்களும் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

முனீஸ்வரிக்குப் பொறுமை இருந்தது, எனக்கு விளக்கியும் சொன்னார். "பேட்டரியில இருந்து நேரா ஒயர இழுத்திருக்கீக. அதுவும் நூலு மாதிரி ஒயரு. நடுவுல பியூஸ் கெடையாது. இது எங்கயாச்சும் பாடியில ஒரசுச்சுன்னா, நீங்க சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது. எரிஞ்சுதான் நிக்கும்."

"நாலு மாசமா ஒண்ணும் ஆகலீங்களே" என்றேன்.

"ஆகுற வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மினி பஸ்ஸுக்குள் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் முழுவதும் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழிந்தது. பழைய ஸ்பீக்கர்களை அவர் கழற்றிக் கையில் வைத்தபோது எனக்கே பரிதாபமாக இருந்தது. ஊறிப்போன இரண்டு ரசவடைகள். புதியவை பெரியவை, கனமானவை. அவற்றுக்கு ஏற்றபடி வளையம் அறுத்து, ரப்பர் வைத்து, கண்ணாடிக்குக் கீழே உட்கார வைத்தார். ஆம்ப்ளிபயரையும் மாற்றினார். மாலையில் கொட்டகையில் இருந்த தனி பேட்டரியில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். வயலின்கள் தனித்தனியாகக் கேட்டன. பாடகர் மூச்சு எடுப்பது கேட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ நானே பாடியதைப் போல அவருக்குத் தலையசைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ராஜேந்திரன் போன் செய்தான். மதுரையில் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். இப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன்.

"ஏலே, விருதுநகர் வரைக்கும் வந்துட்டு என்னையப் பாக்காமப் போயிருவியோ? காலைல கம்பெனிக்கு வா. கேட்டுக்குப் பக்கத்துலயே ஆபீஸு, ஒரு டீயக் குடிச்சிட்டுப் போயிரலாம்" என்றான்.

முனீஸ்வரியிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "தடிமனான ஒயரும் பியூஸ் பெட்டியும் மதுரையில இருந்து நாளைக்கு மத்தியானந்தான் வருது. வண்டிய ஓட்டிட்டுப் போங்க, அதுக்கு ஒண்ணுமில்ல. பாட்டு மட்டும் கூடாது. ஒங்க பழைய ஒயரு அப்படியேதான் கெடக்கு. பேட்டரிப் பக்கம் கழட்டி டேப் சுத்தியிருக்கேன். தொட்டுறாதீக."

"சரிங்க" என்றேன்.

மூன்றாம் நாள் காலை லாட்ஜ் வாசலில் அந்த டேப்பைப் பிரிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. என் தரப்பு நியாயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். போய்வர மூன்று மணி நேரம். அவ்வளவு தூரத்துக்குப் புது ஸ்பீக்கர்களை ஊமையாகத் தூக்கிக்கொண்டு போவது அவற்றுக்கே அவமானம். மற்றவர்கள் செய்தால்தானே அது அலட்சியம். நான் செய்வது சின்ன ஏற்பாடு. ஒயரைப் பேட்டரியில் முறுக்கி, சீட்டை அழுத்தி மூடி, திருகுகளை இறுக்கினேன். ஒயர் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை.

அந்தப் பயணம் அருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சிவகாசியில் அச்சகங்களின் மை வாசனைக்குள் முழுச் சத்தத்தில் நுழைந்தேன். காலண்டர் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சிக்னலில் ஒரு கல்லூரிப் பெண் தோழியிடம் சொன்னது ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் தெளிவாகக் கேட்டது: "ஐஸ் வண்டியோன்னு நெனச்சேன்டி." ஊரைத் தாண்டியதும் கரிசல் காடு, வேலிக்கருவை, தூரத்தில் அணைக்கட்டு. அதற்குள் தள்ளித் தள்ளி, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல நிற்கும் சின்னச் சின்ன அறைகள். பட்டாசு அறைகளை அப்படித்தான் கட்ட வேண்டும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் பக்கத்து அறை தப்பிக்க வேண்டும்.

கம்பெனி வாசலில் காவல்காரர் சங்கரலிங்கம் கையைக் காட்டி நிறுத்தினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "அந்தா அந்த மரத்துக்கிட்ட நிப்பாட்டுங்கய்யா. கேட்டுக்கிட்ட வண்டி வரக்கூடாது" என்றார்.

அவர் காட்டிய மரம் கல்லெறி தூரத்தில் இருந்தது. அதன் நிழல் ஒரு கோழிக்குக்கூடப் போதாது. என் கறுப்புத் தோல் சீட்டு கொதித்துவிடும். "பத்து நிமிஷந்தானுங்க. ஃபோர்மேன் என் பிரண்டு" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கேட்டை ஒட்டிய கொட்டகை நிழலில் நிறுத்தினேன். பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் ஏற்றிய வேன் ஒன்று நின்றது. பெட்டிகளுக்குள் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. பட்டாசுக் கம்பெனி வாசலில் நிற்கும் வேனில் வேறு என்ன இருக்கும்?

ராஜேந்திரனுக்கு வழுக்கை விழுந்திருந்தது. எனக்குத் தொப்பை விழுந்திருந்தது. இரண்டையும் பற்றிச் சிரித்துக்கொண்டு டீயில் பாதியைக் குடித்திருப்போம். வெளியே சங்கரலிங்கம் கத்தினார். "அய்யா! பொக! வண்டியில பொக!"

சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை ஒழுகிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் சூடாகி இளகிய ஒயர் சட்டத்தைத் தொட்டுவிட்டது. நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். அது ஏற்கெனவே ஆஃபில்தான் இருந்தது. ராஜேந்திரன் ஒரு கணம்கூட நிற்கவில்லை. மணியை அடித்தான். வேன் டிரைவர் குதித்து ஏறி வேனைக் கிளப்பிக்கொண்டு சாலைக்குப் போனார். அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பின்பக்க வெட்டவெளியை நோக்கி நடந்தார்கள். யாரும் அலறவில்லை, ஓடவுமில்லை. சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்ட பெண்கள், திரும்பிப் பார்க்காமல், வேகமாக நடந்தார்கள். அந்த நடையை நான் இன்னும் மறக்கவில்லை. அது பழகிய நடை.

"தள்ளுலே!" என்றான் ராஜேந்திரன். முந்நூற்று எழுபது கிலோ. நானும் அவனும் சங்கரலிங்கமும் தள்ளினோம். அசையவில்லை. அப்போது வாசலோரக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்திருந்த நான்கு பெண்கள், வெட்டவெளிக்குப் போகாமல் எங்கள் பக்கம் வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேச்சியம்மாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"கியர எடுத்தீகளா?" என்று என்னிடம் கேட்டாள்.

எடுக்கவில்லை. கியரில் நிற்கும் வண்டியைத்தான் மூன்று ஆண்கள் உயிரைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தோம். எடுத்தேன். எல்லோருமாகத் தள்ளினோம். வண்டி உருண்டது. கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிரே உழுது போட்டிருந்த காட்டுக்குள் இறங்கியபோது சீட்டுக்குள் இருந்த பஞ்சு பிடித்துக்கொண்டது. தீ என் முழங்கை உயரத்துக்கு வந்தது. பேச்சியம்மாள் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக் கடைசியாக ஒரு உந்து உந்திவிட்டுக் கையை உதறினாள். வண்டி சாய்ந்து விழுந்தது. ராஜேந்திரன் கேட்டுக்கு ஓடிப்போய் மணல் வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்தான். அடுத்த வாளி, அதற்கடுத்த வாளி. தீ அடங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். தூரத்து வெட்டவெளியில், நடு வெயிலில், ஐம்பது அறுபது பேர் வரிசையாக நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பாட்டுக்கு இதுவரை அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில்லை.

பேச்சியம்மாளின் வலது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. வேனிலேயே அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மருந்து போட்டுக் கட்டினார்கள். திரும்பும்போது அவள் கேட்டாள்: "எதுக்குய்யா அந்த ஒயரு?"

"பாட்டுக் கேக்கறதுக்குங்க."

"என்ன பாட்டு ஓடுச்சு?"

"பழைய பாட்டுதாங்க. மெலடி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மெலடிக்கா இம்புட்டு" என்றாள். வேன் டிரைவர் சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

கம்பெனிக்குத் திரும்பியபோது முதலாளி சிவகாசியிலிருந்து வந்திருந்தார். என்னைவிட இளையவர். குரலை உயர்த்தாமல் திட்டுகிறவர். திட்டிக்கொண்டிருந்தது சங்கரலிங்கத்தை.

"கேட்டுக்கிட்ட வண்டிய விடக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? எத்தன வருசமா இருக்கீக? நாளையில இருந்து வர வேண்டாம்."

சங்கரலிங்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். என் பெயரைச் சொல்லவில்லை. ராஜேந்திரனும் சொல்லவில்லை. விருந்தாளி என்று நினைத்திருக்கலாம். நானும் பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் என் மூளை 'காரணம் அறியப்படவில்லை' என்ற வாக்கியத்தை அழகாகத் தயாரித்துவிட்டது. இருபது வருட அனுபவம் அல்லவா. இந்தப் பயணத்தில் நான் வெட்கப்பட வேண்டிய சமாச்சாரங்கள் நிறைய உண்டு. அந்த நிமிடத்துக்குப் பக்கத்தில் அவை எதுவும் நிற்காது.

பிறகு வாயைத் திறந்தேன். "அவர் மரத்துக்கிட்ட நிறுத்தச் சொன்னாருங்க. நான்தான் கேக்கல. ஃபோர்மேன் பேரைச் சொல்லி மிரட்டிட்டு இங்க நிறுத்தினேன். ஒயரும் நான் மாட்டுனது. போட வேண்டாம்னு சொன்ன பிறகு போட்டேன்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத எழுதித் தருவீகளா?"

எழுதினேன். அங்கீகாரமற்ற மின் இணைப்பு. உரிமையாளரின் அலட்சியம். என் கையெழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது. கடைசியில் 'காவலர் தம் கடமையைச் சரியாகச் செய்தார்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி இரண்டு முறை படித்தார். சங்கரலிங்கத்தைப் பார்த்து, "போய் கேட்டப் பாருங்க" என்றார். என் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு வேலை நிறுத்தப்பட்டது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு பஸ்ஸில் ஏறி, பாதி நாள் கூலியோடு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருத்தியும் ஏறும்போது என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஏறினாள்.

நான்காம் நாள் என் கம்பீர வாகனம் ஒரு குட்டி யானை லோடு வண்டியில், கருகிய சீட்டோடு படுத்த நிலையில் விருதுநகர் வந்து சேர்ந்தது. முனீஸ்வரி இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

"ஒரு அம்மாவுக்குக் கையில சுட்டுருச்சுங்க."

"பேட்டரியையே கழட்டி நான் வச்சிருந்திருக்கணும்" என்றார். "படிச்ச ஆளுன்னு நம்பிட்டேன்."

அடுத்த இரண்டு நாள்கள் அவர் என்னை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடவில்லை. எதையாவது எட்டிப் பார்த்தால், "அங்கனயே இருங்க" என்ற குரல் வரும். புது ஒயர், பேட்டரியை ஒட்டி பியூஸ், ஒயர் போகும் வழியெல்லாம் குழாய், உரசும் இடமெல்லாம் ரப்பர். பக்கத்துத் தெருவில் பஸ் சீட் தைப்பவர் என் சீட்டையும் தைத்துக் கொடுத்தார். அவரிடம் இருந்த ரெக்சின் நிறம் மெரூன் மட்டும்தான். இப்போது என் சீட்டு தூத்துக்குடி போகும் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையைப் போலவே இருக்கிறது.

ராஜேந்திரனுக்கு எச்சரிக்கையோடு போனது. மூன்று நாள் என் போனை எடுக்காதவன் கடைசியில் ஒரு செய்தி அனுப்பினான்: "அடுத்த தடவ பஸ்ல வா."

ஊருக்குக் கிளம்பும் முன் ஆனைக்குட்டத்துக்குப் போனேன். பேச்சியம்மாளின் வீடு அங்கேதான். பாட்டை அணைத்து வைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு, மிக நல்ல மனிதனாக ஓட்டிப்போனேன். அவள் இடது கையால் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுப் பழங்களை நீட்டினேன். வாங்கி வைத்தாள். மன்னிப்புக் கேட்க நான் தயாரித்து வந்திருந்த வாக்கியங்களில் மூன்றாவதுக்குப் போவதற்குள், "சாப்பிட்டீகளா?" என்று மறித்துவிட்டாள்.

அவளுக்குச் சிவகாசி பெரியாஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. பஸ் இனி பதினொரு மணிக்குத்தான். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். கயிற்றுக் கட்டிலில் இருந்த அவள் கணவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மணல் வாளி ஒண்ணு தூக்கிட்டுப் போ" என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஏறி, பக்கவாட்டில் உட்கார்ந்து, பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

தெருமுனையில் என் தோளில் விரலால் தட்டினாள். "நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். ஏதாவது சூடாகிவிட்டதோ என்று குனிந்து சீட்டைத் தடவினேன்.

"அது இல்ல. பாட்டு ஓடுமா இப்ப?"

"ஓடுங்க. ஆனா வேண்டாம்னு..."

"போடுங்க." இடது கையால் தலையைக் கோதி, சேலை முந்தியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். "இந்தத் தெருவுக்கு மட்டும் சத்தமாப் போடுங்க. எங்க நாத்தனா வீடு இருக்கு. மெதுவாப் போங்க."

போட்டேன். முனீஸ்வரியின் வயலின்கள் ஆனைக்குட்டத்துத் தெருவில் இரண்டு பக்கமும் பாய்ந்தன. நான் கியரை ஒன்றிலேயே வைத்துக்கொண்டு, சாமி சப்பரம்போல ஓட்டினேன். நீலக் கதவு போட்ட ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் முறத்தோடு வெளியே வந்து, வாயைத் திறந்தபடி நின்றாள். பேச்சியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.